நடுக்கம் நின்ற பிறகு: சேவியர் அண்ணன்

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது, எங்கள் மில்லில் வேலை பார்க்கும் பால்ராஜ் ஸ்கூட்டரை நிறுத்தினான். "சேவியர் அண்ணன் போயிட்டாக. காலையில எந்திரிக்கல" என்றான். உச்சி வெயிலில் அவன் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டேன்.

உங்களில் பலருக்கு அவரை மில் வாசலில் நின்ற செக்யூரிட்டியாகத் தெரியும். அதற்கு முன் ராணுவத்தில் இருந்தவர். பனிமலையில் கால்விரல் இரண்டைக் கொடுத்துவிட்டு இராஜபாளையம் திரும்பியவர். இந்த ஊர் வெயிலில் அவர் குளிரைப் பற்றிப் பேசினால் சிரிப்போம். "குளிரு சத்தம் போடாதுலே. நடுங்குற மட்டும் பயமில்ல. நடுக்கம் நின்னா, அப்பப் பயப்படு" என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழி லீவில், நானும் பால்ராஜும் இன்னும் சிலரும் மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்கு மேலே காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போனோம். அவரும் வந்தார். செட்டியார்பட்டி வேல்முருகனும் வந்தான். ஒல்லியான ஆள், வீட்டுக்கு ஒரே பிள்ளை. மேலே ஏறியதும் மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. வேல்முருகன் ஓடையில் வழுக்கி விழுந்தான். அவன் மாற்றுத்துணி மூட்டை தண்ணீரோடு போனது. இருட்டிவிட்டதால் கீழே இறங்கவும் வழியில்லை.

கூடாரத்துக்குள் கரி மூட்டலாம் என்றான் பால்ராஜ். "வேண்டாம்லே, மூச்சு முட்டி அம்புட்டுப் பேரும் செத்துருவோம்" என்று அண்ணன் தடுத்தார். வேல்முருகனின் ஈரத்துணியைக் கழற்றி, தன் பையில் நனையாமல் இருந்த சட்டையைப் போட்டுவிட்டு, கம்பளியைச் சுற்றினார். தரையில் தழை பரப்பி, எங்களை அவனை ஒட்டிப் படுக்கச் சொன்னார். வெளியே மழை படாத பாறை மறைவில் ஸ்டவ்வில் கருப்பட்டித் தண்ணீர் சுடவைத்துப் புகட்டினார்.

"பேசிக்கிட்டே இரு வேலு. ஒங்கம்மா பேரச் சொல்லு."

முதலில் தெளிவாகச் சொன்னான். பிறகு குழறினான். அதன் பிறகு, "வேர்க்குதுண்ணே" என்று கம்பளியைத் தள்ளினான். அவன் உடம்பில் நடுக்கமே இல்லை. அண்ணன் முகத்தை அப்போது பார்த்தேன்.

விடிந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கோவில் கண்ணில் பட்ட இடத்தில் அண்ணன் அவன் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார். அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் மலையேறவில்லை. கிறிஸ்துமஸ்தோறும் கேக் வாங்கிக்கொண்டு செட்டியார்பட்டி போவார். வேல்முருகனின் அம்மா கதவைத் திறப்பார், காப்பி கொடுப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். "திட்டுனாக்கூடத் தேவல" என்றார் அண்ணன் ஒருமுறை. "எதையாவது விட்டுட்டனான்னு யோசிக்கேன். எல்லாம் செஞ்சிருக்கேன். அதான் தாங்க முடியல."

அடக்கத்துக்கு முன் நான் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"வீட்டுக்குள்ளயா உசுரு போச்சு?"

"ஆமாம்மா. படுக்கையிலதான்."

"படுக்கையில" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆறுதலாக எழுத என்னிடம் ஒன்றுமில்லை. தெரிந்ததையெல்லாம் செய்தும் ஒருவனைப் பறிகொடுக்க நேரலாம்; அதன் பிறகும் அவன் தாயின் முன்னால் போய் நிற்க வேண்டும். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது ஒன்றுதான். வருகிற கிறிஸ்துமஸுக்கு நான் போவேன்.