பேருக்கேற்ற பெண்

அவளுக்கு அப்பா வைத்த பேருக்கு ‘அள்ளிக் கொடுப்பவள்’ என்று அர்த்தம். மனுஷன் பேரை வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருந்தது இவள்தான். பள்ளியில் பென்சில் போனது, ஜன்னலோர இடம் போனது. வீட்டில் கட்டில் தங்கைக்குப் போனது. கொஞ்சம் முகம் சுளித்தால் போதும், “பேரை இப்படி வெச்சுக்கிட்டு மூஞ்சியப் பாரு!” என்று அம்மா ஒரு போடு போடுவாள். அதற்கு மேல் என்னத்தைப் பேச?

இப்போது வயது நாற்பதைத் தொடுகிறது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ஜன்னலே இல்லாத நீள அறை. நடுவில் சூடான உருளைகள் சுழலும் இஸ்திரி இயந்திரம். ஈரமான படுக்கைவிரிப்பின் ஒரு மூலையை இவள் பிடிக்க, மறு மூலையை வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்த ஒருத்தி பிடிக்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே விட வேண்டும். ஒருத்தி கையை விட்டால் விரிப்பு கோணிக்கொண்டு சுருண்டுவிடும். அதனால் ஒண்ணுக்குப் போவதென்றாலும் மாற்றாள் வந்தாக வேண்டும். எல்லோருக்கும் மாற்றாள் இவள்தான். இவளுக்கு மாற்றாள் கிடைப்பது மட்டும் குதிரைக்கொம்பு.

யாருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டுமென்றாலும் நேராக இவளிடம்தான் வருவார்கள். “நீ மகராசியா இருப்ப, இந்த ஒரு தடவை மட்டும்!” அந்த ஒரு தடவை தீர்ந்தபாடில்லை. மகராசி என்பதே கூடத்தில் அவள் பட்டப்பேராகிவிட்டது. முடியாது என்று சொல்லத்தான் நினைப்பாள். வாய் என்னவோ “பரவாயில்ல, போயிட்டு வா” என்றுதான் சொல்லும். வீட்டுக்குப் போய்த் தன்னைத்தானே திட்டிக்கொள்வாள், கொஞ்சம் அவர்களையும் சேர்த்து. அதில் மட்டும் அவள் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

இப்படி இருக்கையில் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை பெரியம்மாவின் மடியில், அவள் விரலை இறுக்கிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. யார் வந்து எடுத்தாலும் விடுவதாக இல்லை. அந்த அழுத்தம் இவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

தங்கை கண் கலங்கச் சொன்னாள். “அக்கா, இவளுக்கு உன் பேரையே வெக்கப் போறோம். உன்னை மாதிரியே வரணும் இவ.”

இவளுக்குப் பகீரென்றது. இந்தப் பிஞ்சுக் கை வளர்ந்து, யாரோ ஒருத்தியின் லீவுக்காக எங்கோ கால் கடுக்க நிற்பதை நினைத்துப் பார்த்தாள். தன் தலையெழுத்து தன்னோடு போகட்டும். இந்தக் குட்டி அடம்பிடிக்கட்டும், தன் பங்கைப் பிடுங்கித் தின்னட்டும், வேண்டாத ஆள் வந்தால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தட்டும்.

“வேண்டாம்டி” என்றாள். பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை.

“ஏன்க்கா?”

எதிரே அம்மா. அப்பா ஆசை ஆசையாகத் தேடி வைத்த பேர் என்று இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போகிறவள். அவள் முன்னால், இந்தப் பேர் என் கழுத்தை நெரிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? “சும்மாதான். என் பேர் என்னோடயே இருக்கட்டும். வேற ஏதாவது வையுங்க.”

தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஒரு பேரைக் குடுக்கக்கூட உனக்கு மனசு வரலையா?”

“விடு” என்றார் தங்கை புருஷன். “தாராளமெல்லாம் பேர்ல மட்டும்தான் போல.”

ஒரு நாக்கா இரண்டு நாக்கா அந்த ஆளுக்கு! அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அம்மா குழந்தையின் விரல்களைப் பிரித்து, அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு தங்கை போன் எடுப்பதை நிறுத்திவிட்டாள். குழந்தையைப் பார்க்க வரச் சொல்லவும் இல்லை. மகராசி உருளைச் சூட்டில் நின்றுகொண்டு யாருக்கும் தெரியாமல் அழுதாள். வேர்வையோடு வேர்வையாக அதுவும் போனது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. நான் கெட்டபேர் வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறேன், பிள்ளை தப்பித்துக்கொண்டது.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அம்மா கூப்பிட்டாள். “பேர் முடிவாயிடுச்சு. டிவில ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சாளே ஒரு வெளிநாட்டுப் பொண்ணு, அவ பேராம். மாப்பிள்ளையோட ஐடியா. அர்த்தமெல்லாம் யாருக்குத் தெரியும், கேக்க நல்லாயிருக்கு. நாளைக்குப் போய்ப் பதியுறாங்க.”

சின்னப் பேர். மெல்லச் சொல்லிப் பார்த்தாள், வாய்க்கு இதமாக இருந்தது. ஓடி ஜெயித்தவளின் பேர்! அப்பாடா என்றிருந்தது. சந்தோஷத்தை அடக்கமாட்டாமல் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இயந்திரத்து ஜோடியிடம் சொன்னாள்.

அந்த வேறு தேசத்துக்காரி துள்ளிக் குதித்தாள். “அட, இது எங்க ஊர்ப் பேராச்சே! எங்க அத்தைக்கே இந்தப் பேர்தான். கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லாமக் குடுக்கறவன்னு அர்த்தம். ஏய், உன் பேரோட அர்த்தமேதான், மகராசி!”

சோற்றை அப்படியே மூடி வைத்தாள். கையைக் கழுவிவிட்டு நடைபாதைக்கு வந்து தங்கையைக் கூப்பிட்டாள். எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தாள். மணி அடித்ததுமே எடுத்துவிட்டாள்.

“அக்கா, நானே பேசணும்னு இருந்தேன்” என்று தங்கை விம்மினாள். “அன்னைக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத. அம்மா பேர் சொன்னாளா? எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குக்கா. ஆனா நீ வேண்டாம்னு சொன்னா இதையும் விட்டுடறேன், சத்தியமா. சொல்லு, நல்லாயிருக்கா?”

பின்னால் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ‘வேண்டாம்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கை மறுமொழிக்காகக் காத்திருந்தாள்.

“ரொம்ப நல்லாயிருக்குடி” என்றாள் அவள். “அதையே வெச்சிடுங்க.”