பெரிய வெள்ளிக் கஞ்சி

போன வெள்ளிக்கிழமை மெர்லிமாவில் ஒரு வீட்டு வாசலைக் கடக்கும்போது வெந்தயக் கஞ்சி கொதிக்கும் வாசம் வந்தது. இன்று செம்பனைக் காடாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டமும், வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலத்துக்குப் போட்ட முள்வேலியும், வேலிக்குள் எல்லாருக்குமாக உலை கொதித்த பொதுக் குசினியும் அந்த வாசத்தோடு எழுந்து வந்தன. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, வீட்டில் ஒரு பிடி அரிசி வைத்துக்கொள்ளவும் விடாத காலம் அது.

தவக்காலத்தில் கறி தொடாத எங்கள் வேதக்கார வீடுகளை மகிழ்விக்க நினைத்த தோட்டத்துக் கணக்கர் கிராணி, இயேசு மரித்த பெரிய வெள்ளியைப் பண்டிகை என்று எண்ணி, அண்டா நிறைய ஆட்டுக்கறிச் சோறு ஆக்கச் சொல்லிவிட்டார்.

வரிசையில் முதலில் நின்ற அம்மா, “எங்களுக்குக் கஞ்சி போதுங்கய்யா” என்றாள்.

“நாலு வீட்டுக்குத் தனி உலையா? அதெல்லாம் முடியாதுலா” என்றார் கிராணி.

அம்மா நகரவில்லை; தட்டைக் கவிழ்த்துப் பிடித்தாள். அடுத்து நின்ற மாரியம்மா அக்காவும் நெற்றி நிறைய திருநீற்றோடு தன் தட்டைக் கவிழ்த்தார்.

“வெள்ளிக்கெழம கவுச்சி எங்களுக்கும் ஆகாதுங்கய்யா. இத்தன நாளா யாரு கேட்டா?”

வரிசை நெடுகத் தகரத் தட்டுகள் கலகலவென்று கவிழ்ந்தன. கோயில் மணிகூட எனக்கு அப்படி ஒலித்ததில்லை.

அரிசி மூட்டை மறுபடி அவிழ்ந்தது. உப்புக் குறைந்த அந்த வெந்தயக் கஞ்சியை, கேட்டில் நின்ற போலீஸ்காரர்கள் பார்த்திருக்க, முழுத் தோட்டமும் உறிஞ்சிக் குடித்தது.

அதன்பின் வெள்ளிதோறும் உலை வைக்குமுன் கிராணி எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கே நடந்து வருவார்.

“என்னம்மா, இன்னைக்கு என்ன ஆக்கலாம்?”