யாருக்கும் சொந்தமில்லாத கலர்

1. மெரூன்

முதல் நாள் வேலைக்கு நான் போட்டுக்கொண்டு போனது மெரூன் கலர் சட்டை. அக்கா கல்யாணத்துக்கு எடுத்தது. வெயில் பட்டால் பளபளவென்று மின்னும். பழவேற்காட்டில் எங்கள் குப்பத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக் கடன் கொடுக்கிற ஃபைனான்ஸ் கம்பெனியில் ஜூனியர் கிரெடிட் ஆபீசர் வேலை என்றால் சும்மாவா? இருப்பதிலேயே விலை கூடினதை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கும்மிடிப்பூண்டி பிராஞ்ச் பஜாரில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. மேனேஜர் பாஸ்கர் சார் திருவள்ளூர்க்காரர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாப்பா ஏழுமல, ரிசப்ஷன் எத்தினி மணிக்கு?"

பிராஞ்சே சிரித்தது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டேன், எடுத்தேன், மறுபடி விட்டேன்.

"நாளையிலேர்ந்து வெள்ள. ஃபுல் ஹேண்ட், டக்-இன், கறுப்பு பேன்ட். ஃபைனான்ஸ்காரன்னா வெள்ளதான்யா கெத்து" என்றார்.

ஆறு மாதம் ப்ரொபேஷன். முடிவில் பாஸ்கர் சார் கையெழுத்து போட்டால் கன்ஃபர்ம், போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றைப் பார்த்தது என் காலத்தில்தான். அப்பாவுக்கு ஏரியில் இறால் கிடைத்தால் அன்றைக்குச் சாப்பாடு, கிடைக்காவிட்டால் வலையோடு சண்டை. அதனால் சார் வெள்ளை என்றால் எனக்கும் வெள்ளை.

வெள்ளைச் சட்டை பார்க்க லட்சணம், சரி. பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியில் ட்ரெயின், அப்புறம் லாரி ஓடுகிற ரோட்டில் டூ வீலர் என்று அலைகிறவனுக்கு அது பெரிய பேஜார். காலையில் வெள்ளை, மதியம் பழுப்பு, சாயங்காலம் எலி கலர். இரண்டு சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டேன். அம்மா சொட்டு நீலம் போட்டு அலசியே கை ஓய்ந்துபோனார்.

2. வெள்ளை

எங்கள் தொழிலில் பி.டி. என்று ஒன்று உண்டு. பெர்சனல் டிஸ்கஷன். லோன் கேட்டவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேச வேண்டும். என்ன வேலை, எவ்வளவு நாளாக, வீட்டில் யார் யார் என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதும் நாம் பார்ப்பதும் ஒத்துப்போகிறதா என்று ரிப்போர்ட் எழுத வேண்டும். அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் சாங்ஷன்.

ப்ரொபேஷன் முடியப்போகிற மாதத்தில் கவரைப்பேட்டைக்கு உள்ளே ஒரு காலனியில் பி.டி. வந்தது. லோன் கேட்டவர் டேனியல், இரும்பு அடிக்கிற ஃபோர்ஜிங் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. சுவர் எழுப்பியாகிவிட்டது, கூரை போடக் காசு இல்லை. கட்டிமுடியாத வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி அதற்குக் கீழே குடும்பம் நடத்தினார்கள். ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கையில் ஜிப் வைத்த கறுப்புப் பை. ஐ.டி. கார்டு கன்ஃபர்ம் ஆனால்தான் தருவார்கள், அதனால் கழுத்தில் ஒன்றும் இல்லை. இந்த வேஷத்தில் போய் நின்றேன். டேனியலின் மனைவி எஸ்தர் அக்கா வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கய்யா, வாங்க. நீங்க வருவீங்கன்னு சொன்னாங்க."

ஃபோனில் சொல்லியிருந்தோம் அல்லவா, அதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். கடன் கொடுக்கிறவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கொஞ்சம் கர்வம். உட்கார்ந்தேன். பையைத் திறப்பதற்குள் அவர் முக்காடு போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் முட்டி போட்டுவிட்டார்.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கம் சபை ஊழியர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கறுப்புப் பையில் பைபிள் வைத்துக்கொண்டுதான் வீட்டு ஜெபத்துக்கு வருவார்கள். புதிதாக ஒரு பாஸ்டர் வரப்போகிறார் என்று சபையில் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிவிட்டார். மடை திறந்த மாதிரி கொட்டினார்.

"ஊட்டுக்காரருக்கு வேல போயி ரெண்டு மாசமாவுதுய்யா. யாருக்கும் சொல்லல. இன்னிக்கோ நாளைக்கோ ஃபைனான்ஸ்காரன் பாக்க வரப்போறான். அவன் ஒண்ணும் கேக்காம போயிடணும். கர்த்தர் அவன் கண்ண மறைக்கணும். மழைக்கு முன்னாடி கூர ஏறணும், புள்ளைங்க நனையக்கூடாது. ஜெபம் பண்ணுங்கய்யா."

என் கண்ணை மறைக்கச் சொல்லி என்னிடமே மனு! எழுந்து ஓடிவிடலாமா, இரண்டு வரி ஜெபம் சொல்லிவிட்டு நழுவலாமா என்று மனசு அலைபாய்ந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் குப்பத்து கங்கையம்மன் கோயில் கற்பூரம்தான். நான் என்ன ஜெபத்தைக் கண்டேன்?

"அக்கா, கண்ணத் தொறங்க. நீங்க சொன்ன ஃபைனான்ஸ்காரன் நான்தான்."

எஸ்தர் அக்கா கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தார்.

"அப்பறம் இன்னாத்துக்குய்யா வெள்ளச் சட்ட போட்டுகினு வந்த?"

நான் எழுந்து நின்றேன். நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தார். முக்காட்டை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

3. டிராயர்

"பி.டி. இன்னாச்சு?" என்றார் பாஸ்கர் சார்.

"முடியல சார். என்ன பாஸ்டர்னு நெனச்சிட்டாங்க."

சார் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் மெதுவாகச் சிரிப்பு நின்றது. பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"உள்ள வுட்டாங்களா?"

"வுட்டாங்க சார். நாற்காலி போட்டாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல சார்."

அவர் என்னையே பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். சார் கெட்டவர் இல்லை. மேலேயிருந்து ஏரியா மேனேஜர் தினமும் ஃபோனில் கத்துவார். இந்த மனுஷர் ஆபீஸுக்கு நாஷ்டா கட்டிக்கொண்டு வந்து, அதைச் சாப்பிட நேரமில்லாமல் சாயங்காலம் வீட்டுக்கே திருப்பி எடுத்துப்போவார். ஆனாலும் அன்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம சீனியர் பசங்க கலர் சட்டையில போனா அங்க ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்றான். வெள்ளச் சட்டைக்கு கதவே தொறக்குதுன்னா, வெள்ளையே போடுங்கடா. அந்தப் பக்கம் போறவங்க எல்லாரும்."

"சார், அது ஏமாத்தற மாதிரி இல்ல?"

"யாருப்பா ஏமாத்தறது? வெள்ளச் சட்ட போடக்கூடாதுன்னு சட்டம் கீதா? நீ பாஸ்டர்னு சொல்லிக்காத. அவங்களா நெனச்சிக்கினா நீ இன்னா பண்ணுவ?" டிராயரைத் தட்டிக் காட்டினார். "உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் இங்கதான் கீது. நாளைக்கு வெள்ளையிலயே போ. இன்னிக்கு கோச்சுக்கினா இன்னா, பழகிடுவாங்க. அந்த பி.டி.ய முடிச்சிட்டு வா, கையெழுத்து போட்டுடறேன்."

4. சாம்பல்

அன்று சாயங்காலம் ட்ரெயின் கும்மிடிப்பூண்டியில் கிளம்ப நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. எழுந்து கதவுக்குப் போனேன், திரும்பி வந்தேன். வேலையில் சேர்ந்தபோது வெள்ளைச் சட்டை வெறும் துணியாக இருந்தது. இப்போது அதற்கு ஒரு வேலை வந்துவிட்டது. இனி அதை மாட்டினால் நான் தெரிந்தே மாட்டுகிறேன். லெட்டர் டிராயரில் இருக்கிறதே, அப்பாவிடம் என்ன சொல்வது? ட்ரெயின் ஊதியது, நான் குதித்து இறங்கி பஜாருக்கு ஓடினேன்.

பாய் கடையில் ரெடிமேட் சட்டைகளைப் புரட்டிப் போட்டேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கலரையும் யாரோ பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள். லைட் ப்ளூ எடுத்தால் சிப்காட்டில் பாதிக் கம்பெனிக்கு அதுதான் யூனிஃபார்ம். கறுப்பு என்றால் மாலை போட்ட சாமி, இல்லாவிட்டால் கட்சிக்காரர். காவி வேண்டவே வேண்டாம். காக்கிக்குப் போலீசும் ஆட்டோவும். சந்தனக் கலரை எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன், அச்சு அசல் மனை விற்கிற புரோக்கர்.

"பிங்க் எடுத்துக்கோ தம்பி, இப்ப அதான் ஓடுது" என்றார் பாய்.

"பாய், இந்த ஊர்ல யாருமே போடாத கலர் ஒண்ணு குடுங்க."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடி அலமாரியிலிருந்து ஒன்றை உருவினார். சாம்பல் கலர், மெல்லிய கோடு. "இத யாரும் வாங்க மாட்றாங்கப்பா. மூஞ்சியே இல்லாத கலரு. ரொம்ப நாளா கெடக்குது."

அதைத்தான் வாங்கினேன்.

5. நீலம்

மறுநாள் சாம்பல் சட்டையில் காலனிக்குப் போனேன். வெளி வாசலிலேயே நின்று, "ஃபைனான்ஸ்லேர்ந்து வர்றேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

டேனியல் வெளியே வந்தார். கம்பெனி யூனிஃபார்ம் போட்டிருந்தார். நீலச் சட்டை, துவைத்து இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல். மனைவி பின்னால் வந்து நின்றார்.

"ஷிஃப்டுக்குக் கெளம்பிகினு கீறேன் சார். சீக்கிரம் கேளுங்க" என்றார் டேனியல்.

முதல் நாள் என்னிடம் கொட்டியதை அக்கா அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. வேலை போன சட்டையை எனக்காக எடுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறார். கேட்டால் பொய் சொல்வார். எனக்கு அது பொய் என்று தெரியும். பேனாவை எடுத்தேன், மறுபடி பையில் போட்டேன்.

எஸ்தர் அக்கா என் காலரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் குத்தியிருந்த குண்டூசியை எடுக்க மறந்திருந்தேன்.

"சட்ட புதுசா?"

"ஆமாக்கா. நேத்து சாயங்காலம் வாங்கினேன்."

"இன்னாத்துக்கு?"

"வெள்ளையிலயே போன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. என்னால போட்டுகினு வர முடியலக்கா."

அவர் தார்ப்பாயைப் பார்த்தார், கூரை இல்லாத சுவரைப் பார்த்தார். அப்புறம் கணவன் பக்கம் திரும்பினார்.

"கழட்டுய்யா அத."

டேனியல் நின்ற இடத்திலேயே பொத்தானை அவிழ்த்தார். பனியனோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நானும் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். எழுதும்போது அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஃபைல் ஹோல்டில் போயிற்று. வேறு வேலை கிடைத்ததும் மறுபடி லாகின் செய்து விண்ணப்பிக்கலாம் என்று பாஸ்கர் சார் எழுதினார். என் லெட்டரில் கையெழுத்து விழவில்லை. ப்ரொபேஷன் இன்னும் மூன்று மாதம் நீண்டது. "நல்லவனா இருந்துக்கோ, ஆனா இங்க வந்து இருக்காத" என்றார். அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ராத்திரி படுத்தால் எனக்கு அந்தத் தார்ப்பாய் ஞாபகம்தான்.

பொங்கல் கழிந்து டேனியலுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. எஸ்தர் அக்கா ஃபைலோடு பிராஞ்சுக்கு வந்தார். அன்றைக்கு பிராஞ்சில் எல்லோரும் வெள்ளை. உத்தரவு போட்ட தோஷத்துக்கு பாஸ்கர் சாரும் வெள்ளை. நான் மட்டும் மூஞ்சி இல்லாத சாம்பல் சட்டையில், கடைசி டேபிளில்.

அக்கா வாசலில் நின்று ஒரு சுற்று பார்த்தார். நேராக பாஸ்கர் சார் முன்னால் போய்க் கும்பிட்டார்.

"தோத்திரங்கய்யா! இன்னா, எல்லாரும் ஊழியத்துக்கு எறங்கிட்டீங்களா? அப்ப லோனு யாரு குடுப்பாங்க?"

காத்திருந்த கஸ்டமர்கள் சிரித்துவிட்டார்கள். சார் முகம் சுண்டிப்போயிற்று. "இல்லம்மா, அது..." என்று இழுத்தார். அக்கா அதைக் கேட்க நிற்கவில்லை. என் டேபிளுக்கு வந்து ஃபைலை வைத்தார்.

"இவருகிட்டதான் குடுப்பேன். எங்கள மழையில நனைய வுட்டவரு இவரு. ஆனா யாருன்னு சொல்லிட்டு வுட்டாரு."

மறுநாள் பாஸ்கர் சார் காப்பிக் கலர் சட்டையில் வந்தார். வெள்ளையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

நான் கன்ஃபர்ம் ஆகி வருஷங்கள் போய்விட்டன. புதிதாகச் சேரும் பிள்ளைகள் இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள், சார் என்ன கலர் போடலாம் என்று. வெளிர் கலராக, கசங்காததாக எதையாவது போடுங்கள், வெள்ளையானாலும் சரி. ஆனால் கதவைத் திறக்கிறவர் உங்களை வேறு யாரோ என்று நினைத்து முகம் மலர்ந்தால், நாற்காலி போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். உட்கார்ந்த பிறகு சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.