மாமனாரின் சைவ ஊசி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு நான் மருமகளாக வந்தபோதே மாமனார் சுத்த சைவம். கடையில் வாங்கிய கேக்கைக்கூட முட்டை வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்துத்தான் தொடுவார். எண்பதுகளின் நடுவில் அவருக்குச் சர்க்கரை ஏறி, கால் புண் ஆறவே இல்லை. இன்சுலின் போடாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

நான் பங்சாரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ், ஆகவே ஊசி என் பொறுப்பு. அந்தக் காலத்து இன்சுலினை மாட்டின் கணையத்திலிருந்தோ பன்றியின் கணையத்திலிருந்தோ எடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது மாட்டினுடையது.

"இது சைவம்தானேம்மா?"

"ஆமா மாமா, மருந்துதானே லா. எல்லாம் ஃபேக்டரில செய்றது."

சொல்லும்போது எனக்கு நாக்கு கூசவில்லை. புட்டியின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பிரிட்ஜில் வைப்பேன். புண் ஆறியது. கார்த்திகை விரதத்தன்றும் நம்பிக் கையை நீட்டுவார். அன்றைக்கு எனக்குத்தான் சோறு இறங்காது.

தொண்ணூறுகளில் புது இன்சுலின் வந்தது. நம் உடம்பில் இன்சுலினைச் செய்யவைக்கும் மரபணுவை ஒரு கிருமிக்குள் வைத்துவிட்டால், அந்தக் கிருமியே மனித இன்சுலினைச் செய்து கொடுத்துவிடுமாம். டாக்டர் விளக்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து செருப்பைக் கழற்றும்போதே மாமனாரிடம் சொன்னேன்.

"கிருமின்னா அதுவும் உயிர்தானேம்மா?"

"தயிர்லயும் கிருமிதான் மாமா. தினம் ஊத்திச் சாப்பிடுறீங்களே!"

அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே, "அப்பாடா, இனிமே மாடு இல்ல மாமா" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும்.

"அப்ப இத்தனை வருஷமா?"

"கால் போயிருக்கும் மாமா."

"என் கால்தானேம்மா. என்னைக் கேட்டிருக்கணும்."

அவர் கத்தித் தீர்த்திருந்தால் தேவலை. அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் அந்தப் புண்ணைத் தினமும் கழுவியவள் நான். மறுபடி நேர்ந்தாலும் அதே பொய்யைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலை, "எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடும்மா" என்றார். சொல்லிக் கொடுத்தேன். என்னோடு பேச்சைக் குறைக்கவில்லை, என் சமையலையும் ஒதுக்கவில்லை. ஊசியை மட்டும் கடைசிவரை அவரேதான் போட்டுக்கொண்டார். இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பார். நர்ஸாகிய நான் பக்கத்தில் சும்மா நிற்பேன்.