கெடிலத்துக்குள் போன பூங்கா

1. மீட்டிங்

"பார்க் ஆத்துக்குள்ள இருக்குதும்மா. தண்ணி ஊத்துற வேலை மிச்சம்" என்றார் புரமோட்டர். கூட்டமே சிரித்தது.

2008-இல் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் வரைவாளர். மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடங்களை கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. அன்றுதான் மனை போட்டவர்களையும் குடியிருப்பவர்களையும் கூப்பிட்டு முதல் தடவையாகத் திரையில் காட்டினேன். கெடிலம் ஆற்றின் வடகரையில் இருந்த ஒரு பூங்கா, சாட்டிலைட் படத்தின் மேல் போட்டதும் நடு ஆற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த மனையைப் போட்ட புரமோட்டர் சும்மா கேலி செய்யவில்லை. கரையில் பூங்காவுக்கு விட்ட இடம் முள் மண்டி, எல்லைக் கல் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. அவருடைய மச்சான் கல்யாண மண்டபம் கட்ட அந்த இடத்தில் கயிறு கட்டி அளந்துவிட்டார்.

"பார்க் ஆத்தோட போச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றார் புரமோட்டர்.

எங்கள் அதிகாரி என்னைப் பார்த்தார். "பரிமளா, திங்கக்கெழம ஸ்பாட்டுக்கு வரேன். எடத்தக் காட்டுங்க. இல்லன்னா அவுரு சொல்றதத்தான் எழுதணும்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வெயிலில் ஜிபிஎஸ் கருவியோடு தெருத் தெருவாக அலைந்து, கல் தெரியாத இடத்தில் மனை வரைபடத்து அளவை வைத்து டேப் பிடித்து, மூலை மூலையாக எண் எடுத்தவள் நான். சீட்டுக்குத் திரும்பி மற்ற பூங்காக்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சக்குப்பத்தில் ஒன்று பக்கத்துத் தெரு மாடி வீட்டின் மேல் கிடந்தது. எல்லாமே தென்கிழக்காக, ஒரே தூரம் நகர்ந்திருந்தன. அளந்த கை தவறியிருந்தால் ஒன்று இப்படி, ஒன்று அப்படிப் போயிருக்கும். இப்படி வரிசை கட்டிக்கொண்டு போகாது.

கருவியின் செட்டிங்கைத் திறந்தேன். பூமியின் எந்த அளவுக் கணக்கை எடுத்துக்கொள்வது என்று கேட்கும் இடத்துக்கு 'டேட்டம்' என்று பெயர். அதில் 'இந்தியன்' என்று, நம் நாட்டின் பழைய நில அளவைக் கணக்கு இருந்தது. சாட்டிலைட் படத்தின் டேட்டமோ உலகம் முழுக்கப் பொதுவான டபிள்யூஜிஎஸ் 84. ஒரு கணக்கில் எடுத்த எண்ணை இன்னொன்றில் போட்டால் எல்லா இடமும் ஒரே பக்கமாக நகர்ந்துவிடும்.

கருவி வந்த அன்று செட்டிங் போட்டவர் உதவிப் பொறியாளர் சவரிராஜ் சார். அவரிடம் காட்டினேன்.

"ஏம்மா, நாம இந்தியாவுலதான இருக்கோம்?"

"இருக்கோம் சார். சாட்டிலைட்டுக்கு அது தெரியாதே."

வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து கருவியின் செட்டிங்கையும் எல்லா எண்களையும் மாற்றினோம். பூங்கா கரையேறி, மண்டபம் கட்டப்போகிற இடத்திலேயே வந்து நின்றது.

2. கடப்பாரை

திங்கள் காலை தெரு ஜனம் மொத்தமும் அங்கே கூடிவிட்டது. நான் கருவியைப் பார்த்துக்கொண்டே நடந்து, பூங்காவின் வடகிழக்கு மூலைக்கான எண் வந்த இடத்தில் நின்றேன். கருவி சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். அதனால் தெருமுனையிலிருந்து டேப் பிடித்துச் சரிபார்த்து, "இங்க தோண்டுங்க" என்றேன்.

"தோண்டுனா தண்ணிதான் வரும்" என்றார் புரமோட்டர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கடப்பாரை மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. தோண்டியவர் கொஞ்சம் தள்ளிக் குத்தினார். ணங்கென்று சத்தம். மண்ணை விலக்கினால் எல்லைக் கல்.

"அடுத்த மூலை" என்றேன். அங்கேயும் கல் கிடைத்தது.

ஜனம் கை தட்டியது. அதிகாரி, மண்டபம் கட்ட வந்திருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டு, "கயித்த அவுத்துடுப்பா" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எல்லாம் மச்சான்தான்..." என்று இழுத்தார் புரமோட்டர்.

"செட்டிங்க தப்பாப் போட்டது நான். கண்டுபுடிச்சது இந்தப் பொண்ணு" என்று சவரிராஜ் சார் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். திரையில் தப்பு தெரிந்தால் வெட்கப்பட்டு மூடிவிடாதீர்கள். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று அந்தத் தப்பையே அளந்து பாருங்கள். அப்புறம் தரையில் போய் நில்லுங்கள்.

அந்தப் பூங்காவுக்கு வேலி போட்டுக் கொடுத்தது அதே புரமோட்டர்தான். வாசலில் கல்வெட்டு வைத்து, நன்கொடை என்று தன் பெயரைப் பெரிதாக வெட்டிக்கொண்டார். வெட்டிக்கொள்ளட்டும், பூங்கா அங்கே இருக்கிறது.