முள் வைத்த டார்ச்

மெஷின்காரருக்குக் காது மந்தம் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். எவ்வளவு மந்தம் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பெரிய ஆஃப்செட் மெஷினின் பக்கத்தில் நின்றவர். மெஷின் ஓடும்போது முதலாளி திட்டினால் காதில் விழாது. அதை ஒரு வசதி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார். கொஞ்ச நாளில் மெஷினை நிறுத்தினாலும் முதலாளி திட்டுவது கேட்கவில்லை. அப்போதுதான் விஷயம் முற்றிவிட்டது என்று புரிந்தது. காதுக்கு மாட்டும் கருவி ஒன்று வாங்கினார்கள். அது பேச்சு, மெஷின், தெரு எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாக்கிக் கொடுத்தது. மேஜை டிராயரில் தூக்கிப் போட்டுவிட்டு, எதிரே இருப்பவர் உதட்டைப் படித்துக் காலத்தை ஓட்டப் பழகிக்கொண்டார்.

வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு பொம்மை விமானம். பொம்மை என்று அவர் முன்னால் சொல்லிவிடக் கூடாது, முகம் சுண்டிவிடும். இறக்கை நீளம் ஒரு ஆள் உயரம், மூக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நிஜ எஞ்சின், கையில் ரிமோட். அவரையும் சேர்த்து ஒன்பது பேர் ஞாயிறு காலையில் ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் மைதானத்தில் கூடுவார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். எப்போதும் சிரித்த முகம். பல்லைப் பிடுங்கும்போதும் அதே சிரிப்புதான் என்பார்கள்.

வினை எஞ்சினில் வந்தது. அந்த எஞ்சினுக்குள் ஒரு சின்ன பிளக் உண்டு. அதற்குள் தலைமுடி போல ஒரு கம்பிச் சுருள். பேட்டரி வைத்து அதைச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கினால்தான் எஞ்சின் கிளம்பும். கிளம்பியதும் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு எஞ்சினின் சூடே கம்பியைக் காப்பாற்றும். பிளக் நைந்து போயிருந்தால் காப்பாற்றாது. பேட்டரி இருக்கும் வரை ஜோராக ஓடிவிட்டு, கழற்றியதும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வாங்கி நின்றுவிடும். காது உள்ளவனுக்கு அது உடனே தெரியும். மெஷின்காரருக்குத் தெரியவில்லை. போன மாதம் அப்படி மூச்சு வாங்கிய எஞ்சினோடு விமானத்தை விட்டுவிட்டார். எட்டுப் பேரும் "விடாதீங்க, விடாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். விமானம் தலைக்கு மேலே எழும்பி, எஞ்சின் அணைந்து, நேராக டாக்டரின் கார்மேல் போய் உட்கார்ந்தது.

டாக்டர் சிரிப்பு மாறாமல்தான் சொன்னார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு யார் தலைமேலயாவது விழுந்தா என்ன பண்றது? இனிமே நாங்க பறக்க விடறோம், நீங்க பாருங்க."

பாருங்க! முப்பத்தொரு வருஷம் மெஷின் ஓட்டியவரைப் பார்த்து, ஓரமாக நின்று வேடிக்கை பார் என்கிறார். மெஷின்காரர் ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் டாக்டர் ஒரு பரீட்சை வைத்தார். மூன்று வாரம் கழித்து ஐந்து பிளக் கொண்டு வருவார். அதில் நல்லதும் இருக்கும், செத்ததும் இருக்கும், நைந்ததும் இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டு, இது பறக்கத் தேறுமா தேறாதா என்று பேட்டரியைக் கழற்றிய பதினைந்து விநாடிக்குள் மெஷின்காரர் சொல்ல வேண்டும். ஐந்தும் சரியாக இருந்தால் பறக்கலாம். ஒன்று தப்பினாலும் அதோடு விமானத்தைப் பரணில் ஏற்றிவிட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் வேலையில் இறங்கினார். இதுவரை மைதானத்தில் இருந்த பொதுப் பேட்டரியைத்தான் கடன் வாங்கிச் சொருகிக்கொண்டிருந்தார். இப்போது தன் கண்ணுக்கென்று ஒரு கிளோ டிரைவர், அதாவது பிளக்கைச் சூடாக்கும் கைப்பிடிக் கருவி, செய்ய முடிவெடுத்தார். அச்சகத்தில் குப்பைக்குப் போன பழைய சார்ஜரிலிருந்து, முள் ஆடும் ஆம்பியர் மீட்டர் ஒன்றைக் கழற்றி வந்தார். மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று முள் சொல்லும். காது செய்யாத வேலையைக் கண் செய்யட்டும். உடம்புக்கு ஒரு பழைய டார்ச். பிளக்கைக் கவ்வுவதற்குப் பேனாவின் பித்தளை மூடி, நடுமுனையைத் தொடுவதற்குப் பால்பாயிண்ட் ஸ்பிரிங். சாப்பாட்டு மேஜையில் ஈய வாசனை நாலு நாள் போகவில்லை.

முதல் நாள் பிளக்கை மாட்டி சுவிட்சைத் தட்டினார். கம்பி ஒரு கணம் பளீரென்று வெள்ளையாக எரிந்தது, அவ்வளவுதான். முள் பூஜ்ஜியத்தில் படுத்துக்கொண்டது. இன்னொரு பிளக், அதே கதி.

மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நூலகத்தில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களை வாய் மூட வைத்துச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டில் சத்தம் போட்டுப் பேசினால்தான் புருஷனுக்குப் புரியும் என்று விதி எழுதியிருந்தது.

"எத்தனை செல் போட்டீங்க?" என்று விரல் காட்டிக் கேட்டாள்.

"ரெண்டு."

"எத்தனை வேணும்?"

"ஒண்ணு போதும். டார்ச்சுல ரெண்டுக்கு இடம் இருந்துச்சு, அதான்..."

"அலமாரியில இடம் இருக்குன்னு நாங்க ஒரே புத்தகத்தை ரெண்டு வாங்கறோமா?"

மெஷின்காரர் ஒரு செல்லை வெளியே எடுத்தார். இரண்டாவது செல்லின் இடத்தை அடைக்க ஒரு கட்டை தேவைப்பட்டது. தரை துடைக்கிற குச்சியின் நுனி கச்சிதமாகப் பொருந்தியது. அறுத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு செப்புத் தகடு சுற்றிச் சொருகினார். மறுநாளிலிருந்து மனைவி குனிந்து குனிந்து தரை துடைத்தாள். ஏன் என்று அவளுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அன்றைக்கு அவள் சொன்னதெல்லாம் அவர் காதில் விழாமல் போனது அவர் செய்த புண்ணியம்.

ஆனால் டிரைவர் அருமையாக அமைந்துவிட்டது. பிளக் நன்றாக இருந்தால் முள் மூன்றில் நிற்கும். கம்பி அறுந்திருந்தால் பூஜ்ஜியம். எண்ணெய் அதிகமாகி எஞ்சின் நனைந்துபோனால் கம்பி குளிர்ந்து, முள் மூன்றைத் தாண்டி ஏறும். இந்த மூன்று நிலையையும் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். நைந்த பிளக்தான் பிரச்சனை. பேட்டரி இருக்கும்போது அதுவும் யோக்கியன் போல மூன்றைத்தான் காட்டும். அந்த இடத்தில் முள்ளைக் கேட்டுப் பயனில்லை, காதுதான் வேண்டும்.

"உன் காதைக் கொஞ்சம் கடன் கொடேன்," என்றார் மனைவியிடம்.

அவள் மைதானத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள். அந்த எஞ்சின் சத்தம் அவளுக்கு ஆகவே ஆகாது. இருந்தாலும் இத்தனை நாளாகப் புருஷன் சாப்பாட்டில் மனசு இல்லாமல் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்தவள், சரி என்றாள். அவர் பின்னால் நின்று தோளில் கைவைத்துக்கொள்வாள். சத்தம் ஒழுங்காக இருந்தால் ஒரு தட்டு, மூச்சு வாங்கினால் இரண்டு தட்டு. இதை டாக்டரிடமும் சொல்லி அனுமதி வாங்கினார். பெண்டாட்டி காதும் புருஷன் காதும் ஒன்றுதான் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அந்த ஞாயிறு வந்தது. டாக்டர் மாத்திரை டப்பா ஒன்றில் ஐந்து பிளக் கொண்டுவந்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மெஷின்காரர் மண்டியிட்டு, இடது கையால் விமானத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் டார்ச்சை எடுத்தார். மனைவியின் கை தோளில் இருந்தது.

முதல் பிளக். முள் மூன்று. குச்சியால் மூக்கிலிருந்த விசிறியைத் தட்டியதும் எஞ்சின் கிளம்பியது. டார்ச்சைக் கழற்றினார். தோளில் ஒரு தட்டு. "தேறும்," என்றார். அரை நிமிஷம் ஓடியது. சரி.

இரண்டாவது. முள் அசையவே இல்லை. விசிறியைத் தொடாமலே, "இது செத்த கேஸ், டாக்டர்!" என்றார். கூட்டம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார், அவர் எப்போது சிரிக்காமல் இருந்தார்?

மூன்றாவதைப் போட்டதும் முள் மூன்றைத் தாண்டி ஏறியது. விமானத்தைக் கவிழ்த்து எண்ணெயை வடித்துவிட்டு மறுபடி மாட்டினார். முள் இறங்கி மூன்றுக்கு வந்தது. கிளம்பியது. ஒரு தட்டு. "தேறும்." அதுவும் சரி.

நான்காவது. முள் மூன்று, எஞ்சின் ஒரே தட்டில் கிளம்பியது, டார்ச்சைக் கழற்றினார், தோளில் ஒரு தட்டு. "தேறும்" என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் இடது உள்ளங்கை வேறு எதையோ சொல்லியது. விமானத்தின் நடுக்கம் மெல்லிசாக இருந்து தடித்துக்கொண்டே வந்தது. அச்சகத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும்போது மெஷினின் இரும்புப் பலகை இப்படித்தான் உதறும். சத்தம் கேட்டு மற்றவர்கள் ஓடி வருமுன் அவர் கைதான் சுவிட்சை அணைத்திருக்கும். இத்தனை வருஷமாக அது நடந்துகொண்டிருந்தது. அதை ஒரு திறமை என்று அவர் நினைத்ததே இல்லை.

பத்து விநாடி போய்விட்டது. தோளில் மறுபடியும் ஒரு தட்டு, இந்த முறை அழுத்தமாக. பெண்டாட்டியின் காதை நம்புவதா, தன் கையை நம்புவதா?

"தேறாது!" என்று கத்தினார். தேவைக்கு மேல் சத்தமாகவே கத்திவிட்டார்.

இருபத்திரண்டாவது விநாடியில் விசிறி தள்ளாடி நின்றது. எட்டுப் பேரும் கைதட்டினார்கள். நீ ஏன் ஒரு தட்டு தட்டினாய் என்று கேட்கத் திரும்பியவர், மனைவியின் காதோரம் முடி விலகியதைக் கண்டார். உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு. அந்தக் காதில் மட்டுமில்லை, இந்தக் காதிலும்!

பேச நேரம் இல்லை. ஐந்தாவது பிளக்கை மாட்டினார், கிளப்பினார், கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை மட்டும் கேட்டார். நடுக்கம் மெல்லிசாக, சீராக, அப்படியே இருந்தது. "தேறும்," என்றார். அரை நிமிஷம் கழிந்தது, ஒரு நிமிஷம் கழிந்தது, டாக்டரே வந்து எஞ்சினை அணைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் மனைவியை ஓரமாக அழைத்துப் போனார். "காதைக் கடன் கேட்டா, பஞ்சை அடைச்சுட்டு வந்து நிக்கறியே! அப்புறம் எதைக் கேட்டு தட்டினே?"

"டாக்டர் மூஞ்சியைப் பார்த்துத் தட்டினேன். அவர் சிரிச்சா நல்லா ஓடுதுன்னு நினைச்சேன்."

"அவர் எப்பவும் சிரிப்பார்டீ!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் என் பல்லை அவர்கிட்ட காட்டினதே இல்லை."

மெஷின்காரருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "சத்தம் பிடிக்காதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் தலை குனிந்தாள். அவர் உதட்டைப் படிக்க முடியாமல் போகும் என்று நினைவு வந்ததும் நிமிர்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "சத்தத்துக்காக இல்லைங்க. அது நின்னு போற சத்தத்தைக் கேட்டுட்டு உங்க தோள்ல கை வச்சுட்டு நிக்க என்னால முடியாது. எஞ்சின் நின்னா நீங்க தோத்துப்போன மாதிரிதான் எனக்குப் படுது, அதை நானே தட்டிச் சொல்லணும்னா, எனக்குக் கையே வராது."

மூன்று வாரமாகத் தனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தார்.

டாக்டர் தூரத்திலிருந்து கையை ஆட்டி, மைதானம் காலி என்று காட்டினார். மெஷின்காரர் விமானத்தைக் கிளப்பினார். கையை வைத்துப் பார்த்தார், விட்டார். அது தரையைத் தொட்டுக்கொண்டே ஓடி, எழும்பி, வெயிலில் பளபளத்துக்கொண்டு மேலே மேலே போனது. கையை விட்டுப் போனதும் அவருக்கு உலகம் மறுபடி மௌனமாகிவிட்டது. இரண்டு கையும் ரிமோட்டில், கண் வானத்தில். முன்பெல்லாம் அந்த உயரத்திலிருந்து வரும் சத்தம் அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

"எப்படி இருக்கு சத்தம்?" என்று வானத்தைப் பார்த்தபடியே கேட்டார். மனைவி பதில் சொன்னாலும் உதட்டைப் பார்க்க அவரால் திரும்ப முடியாது. அது தெரிந்தும் கேட்டுவிட்டார்.

அவள் பஞ்சை எடுத்து எறிந்துவிட்டுக் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக் கேட்டாள். பிறகு பின்னால் வந்து, அவர் தோள் எலும்பின் மேல் மோவாயை அழுத்தி வைத்துக்கொண்டு, எட்டு ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க, "ம்ம்ம்ம்ம்" என்று வாய் மூடி முனக ஆரம்பித்தாள். விமானம் ஏறும்போது குரலை ஏற்றினாள், வளையும்போது இறக்கினாள். அந்த அதிர்வு அவர் எலும்பு வழியாக நெஞ்சு வரைக்கும் போனது. எண்ணெய் தீரும் வரை அவர் விமானத்தைக் கீழே இறக்கவே இல்லை, அவளும் முனகலை நிறுத்தவில்லை.