ஆடு பஸ் ஏறிய கதையின் கடைசிப் பக்கம்

அந்தத் தாளை நான் சட்டம் போட்டு மாட்டவில்லை. பென்சில் கோடுகள் கலையாதபடி எண்ணெய்த்தாளில் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். தாளில் ஒரு பஸ் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து வளைவில் திரும்பிப் போகிறது. அதன் பின்பக்கம் மட்டுமே தெரிகிறது. நிறுத்தத்தில் ஓர் ஆடும் நானும் நிற்கிறோம். என் தலைக்கு மேலே பேச்சுக் குமிழி. படக்கதையில் ஆட்கள் பேசுவதை எழுதுகிற அந்த வட்டம் பாதித் தாளை அடைத்துக்கொண்டு வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்ப வேண்டியவள் நான். இன்னும் நிரப்பவில்லை.

படக்கதை எழுதுகிறவளுக்கு ஓவியர் கிடைப்பது, வரன் தேடுவதைவிடப் பெரிய பாடு. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நேரம் போக நான் எழுதியது ஓர் ஆட்டின் கதை. தோட்டத்திலிருந்து தப்பி, பதுளை பஸ்ஸில் ஏறி, ஆட்டுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று பஸ் முழுவதையும் சண்டை போட வைக்கிற ஆடு. ஃபேஸ்புக்கில் ஓவியர் தேவை என்று போட்டேன். கொழும்புத் தம்பி ஒருவர் என் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு சினிமா நடனக்காரிகளின் இடுப்பை வைத்து அனுப்பினார். இன்னொருவர் ஒரு பக்கம் வரைந்தார். அதன்பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. கதையைப் பரணில் போட்டுவிடலாம் என்றிருந்தேன்.

அப்போதுதான் முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்க, ஸ்பிரிங்வெளியில் ஒரு பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். தாய்மார் மலையில் கொழுந்து பறிக்க நிற்கும்போது குழந்தைகளை விட்டுவைக்கிற இடம். சுவர் நெடுக ஒரு வரிசைப் பிள்ளைகள் வரையப்பட்டிருந்தார்கள். ஒன்று மூக்கைக் குடைந்துகொண்டிருந்தது. அடுத்தது முன்னால் நிற்பவளின் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தது. வரைந்தவர் அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற அக்கா. என்னைவிட இளையவர்தான். ஆனால் அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். ஆட்டின் கதையை வாயால் சொன்னேன். டிக்கெட் சண்டை வந்த இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில், தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை எழுந்து அழுதது.

பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிப் போன பிறகு, பாயில் தாளை விரித்து வேலை செய்வோம். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முகம் வரையுமுன் குமிழியைத்தான் வரைவார். பிள்ளைகள் பால் குடிக்கிற கோப்பையைக் கவிழ்த்துவைத்து, விளிம்பைச் சுற்றிப் பென்சிலை ஓட்டுவார். அதற்குள் அடங்குகிற பேச்சு மட்டும்தான் பேச்சு. நானோ பக்கம் பக்கமாக எழுதுகிற ஆள். "பேச்ச கொறைங்க டீச்சர், எனக்கு மொகம் வைக்க எடம் வேணும்" என்பார். நான் கெஞ்சுவேன். "ஆடு மட்டும்தான் ஒங்க கதையில அளவா பேசுது" என்று கேலி செய்வார். கோபம் வரும். வீட்டுக்குப் போய் வாசித்துப் பார்த்தால் அவர் வெட்டச் சொன்னதை வெட்டியபின் கதை நன்றாகத்தான் இருக்கும். நான் நீட்டி விளக்கிய எல்லாம் அவருடைய ஆட்களின் முகத்தில் ஏற்கெனவே இருந்தது.

கடைசிப் பக்கம் மட்டும் மிச்சம். ஆடு பஸ்ஸிலிருந்து இறங்கிவர, அதை வளர்த்தவள் அழுதுகொண்டே திட்டுகிற பக்கம். அதை வரையுமுன் அக்காவுக்கு வெளிநாட்டு வீட்டு வேலை சரிவந்துவிட்டது. மகளை ஏ.எல். பரீட்சை தாண்டிப் படிக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். வழியனுப்ப நிறுத்தத்துக்குப் போனேன். "போகாதீங்க" என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதை அவருக்காகச் சொல்கிறேனா, பாதியில் நிற்கும் என் புத்தகத்துக்காகச் சொல்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். பஸ் உறுமியது.

"சாப்பாடு எடுத்தீங்களா?" என்றேன்.

"எடுத்தேன் டீச்சர்" என்றார். அவ்வளவுதான். போக வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருத்தி தடுத்தாள் என்ற நினைவோடு போயிருப்பாரே என்றுதான் இன்றைக்கும் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

மாதங்கள் கழித்து, அங்கிருந்து ஊர் திரும்பிய ஒரு பெண் தன் துணிகளுக்கிடையே வைத்து இந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் எழுதிய கடைசிப் பக்கம் இதில் இல்லை. ஆடு வந்து இறங்குவதற்குப் பதில் பஸ் போய்க்கொண்டிருக்கிறது. ஒருநாளும் எனக்கு இடம் தராத அக்கா, இந்த முறை பால் கோப்பையைத் தேடவில்லை; கோட்டின் அளவைப் பார்த்தால் வேலை செய்கிற வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வரைந்திருக்கிறார். தாளின் பின்பக்கம் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: "இந்த தடவ எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க டீச்சர்."

அச்சகத்தார் கடைசிப் பக்கத்தைக் கேட்டு அலுத்துவிட்டார்கள். நேற்றும் லாச்சியைத் திறந்து தாளை விரித்தேன். சொல்ல எவ்வளவோ இருக்கிறது, எழுத இத்தனை இடமும் இருக்கிறது. பென்சிலைக் குமிழிக்குள் வைத்தால், கைக்கு வருவது "சாப்பாடு எடுத்தீங்களா?" மட்டும்தான்.